ஆர்க்டிக் காற்றும் நம் கல்லூரி மொட்டைமாடிகளும்: துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளின் இயற்பியல், வேதியியல், புவியியல் துறைத் தலைவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

கல்லூரி மொட்டைமாடிகளில் சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகள் முளைத்து வருகின்றன. உள்ளே ஒரு லேசர், ஒரு குட்டி விசிறி, ஒரு வைஃபை அட்டை. வாசலில் இருக்கும் திரையில் ‘பிஎம் 2.5: 38’ என்று சிவப்பு எழுத்து ஓடுகிறது. பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சில ஆயிரம் ரூபாயில் காற்றை அளக்க முடிகிறது என்பது நல்ல செய்திதான். அந்த 38 எதைக் குறிக்கிறது, எங்கிருந்து வந்தது, எவ்வளவு நம்பலாம் என்ற மூன்று கேள்விக்கும் பெட்டியிடம் விடை கிடையாது. விடையை நாம்தான் உண்டாக்க வேண்டும். அதற்கான வேலைமுறை ஏற்கெனவே இருக்கிறது. ஆர்க்டிக்கில் நுண்துகள் அளப்பவர்கள் ஐம்பது ஆண்டுகளாக அடிபட்டுக் கற்றது அது. அடுத்த கல்வியாண்டுக்குள் நம் மூன்று மாவட்டக் கல்லூரிகளும் அதைப் பொதுவிதியாக ஏற்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

பாளையங்கோட்டை வெயிலுக்கும், நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் பனிக்கும் என்ன ஒட்டு என்று தோன்றும். நம் ஊரில் காற்றில் அழுக்கு நிறைய. கருவி இருபது சதம் தவறினாலும் ‘தூசி அதிகம்’ என்ற முடிவு மாறாது, தவறு உள்ளே ஒளிந்துகொள்ளும். ஆர்க்டிக்கில் அளக்க வேண்டிய பொருளே துளி. ஸ்வால்பார்டின் நி-ஓலெசுண்ட் கிராமத்துக்கு மேலே, 474 மீட்டர் உயரத்தில் செப்பெலின் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே சுத்தமான கோடை நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் புகைக்கரி 10 நானோகிராமுக்கும் கீழே போகும். நம் நகரங்களில் அதே புகைக்கரியை மைக்ரோகிராம் கணக்கில் சொல்கிறோம். ஆயிரத்தில் ஒரு பங்கு அலகில் வேலை செய்பவருக்குக் குழாயில் ஒரு கசிவு, சமையற்கட்டிலிருந்து ஒரு வீச்சுப் புகை, ஒரு பனிமோட்டார் வண்டி போதும், அன்றைய தரவு போயிற்று. அதனால் அவர்கள் எதையும் நம்பாமல் அளக்கப் பழகினார்கள்.

நம் நாட்டுக்கும் அங்கே இடம் உண்டு. இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி 2008 ஜூலை 1 அன்று நி-ஓலெசுண்டில் திறக்கப்பட்டது. 2023 டிசம்பரிலிருந்து குளிர்காலத்திலும் இந்தியக் குழுக்கள் அங்கே தங்குகின்றன. கிராமத்துக்கு வெளியே குருவேபாதெட் என்ற ஆய்வுக்கூடத்தில் இந்தியர்களின் நுண்துகள் கருவிகள் ஓடுகின்றன. நம் பிள்ளைகள் அங்கே போக விண்ணப்பிக்கும்போது கையில் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, இந்தக் கைப்பழக்கமும் இருக்க வேண்டும்.

ஆர்க்டிக் மூட்டம் என்று சொல்லப்படுவதை வகுப்பில் எப்படி விளக்குவது? 1950களில் அலாஸ்கா வடக்கே பறந்த அமெரிக்க விமானப்படை வானிலை விமானிகள், மேகமே இல்லாத வானத்தில் பழுப்பு மங்கலைக் கண்டார்கள். அந்தக் கவனிப்பை எழுத்தில் கொண்டுவந்தவர் வானிலை ஆய்வாளர் மரே மிட்செல். ஆலை இல்லை, ஊர் இல்லை, புகைபோக்கி இல்லை, ஆனால் மூட்டம் இருந்தது. 1972இல் க்ளென் ஷா என்ற ஆய்வாளர் அலாஸ்காவின் பாரோவில், வெயில் காற்றில் எவ்வளவு மங்குகிறது என்று காட்டும் சூரிய ஒளிமானியை வைத்து அளந்தபோது, இருக்கவேண்டியதைவிடக் காற்று மிகவும் கலங்கலாக இருந்தது. அடுத்து கென் ரான் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் வடிதாளில் சேர்ந்த தனிமங்களைப் பார்த்தார்கள். முதலில் கிடைத்த விடை ஆசியப் பாலைவனத் தூசி. வசந்தகாலத்தில் வந்துபோகும் தூசிப்பட்டைகளுக்கு அந்த விடை சரி. குளிர்காலம் முழுவதும் தங்கும் மூட்டத்துக்கு அது பொருந்தவில்லை. மாங்கனீசுக்கும் வனேடியத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்த பிறகுதான் வடக்கு யுரேசியாவின் ஆலைகளும் உலோக உருக்குச்சாலைகளும் கண்ணுக்குப் பட்டன. கனரக எண்ணெய் எரிந்தால் வனேடியம் கூடும், நிலக்கரியும் எஃகும் இருந்தால் மாங்கனீசு கூடும். ஒரு நிகழ்வுக்குக் கிடைத்த சரியான விடையைப் பருவம் முழுவதற்கும் நீட்டிவிடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நமக்குத் தெரியவில்லை. ஒரு போகி நாள் எண்ணை வைத்து ‘தை மாதக் காற்று’ என்று கட்டுரை எழுதும் நமக்கு இது வேண்டும்.

குளிர்காலத்தில் மட்டும் ஏன் அந்த மூட்டம் என்பதை மார்கழி விடியலை வைத்தே பிள்ளைகளுக்குக் காட்டலாம். வயலுக்குப் பக்கத்தில் எரியும் அடுப்பின் புகை மேலே ஏறாமல் பனைமர உயரத்தில் பாய்போலப் பரந்து கிடக்கும் அல்லவா? தரை குளிர்ந்து, அதன் மேலுள்ள காற்று வெதுவெதுப்பாக இருப்பதால் கலப்பு நின்றுபோகிறது. எட்டு மணி வெயில் ஏறினால் நமக்கு அது கலைந்துவிடும். ஆர்க்டிக்கில் சூரியன் வராத மாதங்களில் அந்த மார்கழி விடியல் விடியாமலே நீள்கிறது. குளிர்ந்த அடர்காற்று கவிழ்த்த சட்டிபோல ஒரு கூடாரமாகத் தங்குகிறது. குளிர்காலத்தில் அந்தக் கூடாரத்தின் விளிம்பு யுரேசியாவில் தெற்கே வெகுதூரம் இறங்கிவிடும். அதற்குள் அகப்பட்ட ஆலைகளின் புகை தரைமட்டத்திலேயே துருவம் வரை போகும். அதற்கு வெளியே, வெப்பமான தெற்கில் கிளம்பும் காற்று கூடாரத்துக்குள் நுழைய முடியாது, அதன் முதுகில் ஏறி மேலேதான் போகும்.

‘நம்ம ஊர் புகை ஆர்க்டிக் போகுமா சார்?’ என்று பிள்ளைகள் கேட்பதற்கான விடை இதிலேயே இருக்கிறது. தெற்காசியப் புகை வடதுருவத்தை எட்டினால் பெரும்பாலும் உயரத்தில் எட்டும், தரையில் பனிமேல் படிவதில் அதன் பங்கு குறைவு. பனியைக் கருக்குவதில் முன்னே நிற்பவை வடக்கே, பக்கத்தில் இருப்பவை: ரஷ்ய எண்ணெய் வயல்களில் எரியும் வாயுச் சுடர், காட்டுத்தீ, வயல் தீ. 2006 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் கிழக்கு ஐரோப்பிய வயல்களில் வைத்த தீயின் புகை செப்பெலினுக்கு வந்து, அதுவரை அங்கே பார்த்திராத அளவுகளைக் காட்டியது. அந்த நாட்களில் ஸ்வால்பார்டு வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாக இருந்தது. கூடாரம் இறுகி இல்லாததால் தெற்குக் காற்று உள்ளே வர வழி கிடைத்தது. ‘உலகம் ஒன்றே’ என்று மேடையில் முழங்குவதைவிட இப்படிப் பிரித்துச் சொல்வது பிள்ளைகளுக்கு நல்லது.

காற்றைக் கழுவுவது மழை. ஆர்க்டிக் கோடையில் தாழ்மேகமும் தூறலும் நுண்துகளை வழியிலேயே கழுவிவிடுவதால் மூட்டம் மறைகிறது. குளிர்காலத்தில் அந்தக் கழுவல் கிட்டத்தட்ட இல்லை, துகள் வாரக்கணக்கில் மிதக்கிறது. தை முதல் பங்குனி வரை மழை நின்ற வறண்ட காற்று வடக்கிலிருந்து கடலுக்கு மேல் இறங்கும் நம் பருவத்துக்கும் இதற்கும் உறவு உண்டு. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியப் பெருங்கடலில் நடந்த இன்டோயெக்ஸ் ஆய்வு அந்தக் கடல்மேல் மூட்டத்தைத்தான் அளந்தது. ஆகவே கருவி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் முன் ‘இந்தக் காற்று கடைசியாக எங்கே நனைந்தது?’ என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள்.

துகளின் பருமனுக்கு வருவோம், பெட்டிகளின் பெரிய பலவீனம் அங்கேதான். அடர்த்தி நீரளவு என்று வைத்துக்கொண்டால் 10 மைக்ரான் துகள் அசையாத காற்றில் நாளுக்கு 260 மீட்டர் அளவுக்கு விழும். 1 மைக்ரான் துகள் நாளுக்கு 3 மீட்டர். 0.2 மைக்ரான் துகள் ஒரு சாண் அளவு, அவ்வளவுதான். அதைவிடச் சிறியவை ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டு பெரிதாகிவிடும். எனவே நீண்ட பயணத்தில் பிழைப்பது 0.1 முதல் 1 மைக்ரான் வரையிலான கூட்டம்தான். ஆர்க்டிக் மூட்டத்தின் துகள் 0.2 மைக்ரானை ஒட்டியே குவிந்திருக்கும். மலிவுப் பெட்டியின் லேசரோ 0.3 மைக்ரானுக்குக் கீழே கிட்டத்தட்டக் குருடு. அதை ஸ்வால்பார்டுக்குக் கொண்டுபோனால் பயணம் செய்து வந்த துகளில் பெரும்பங்கை எண்ணாமலே ‘காற்று சுத்தம்’ என்று சொல்லிவிடும்.

பெரிய துகள் பக்கமும் இதே கதை. பெட்டித் திரையில் பிஎம் 10 என்று ஒரு எண் வருகிறதே, பரவலாக விற்கும் வகைகளில் அது உண்மையில் அளந்த எண் அல்ல. சிறு துகள்களை வைத்து உள்ளிருக்கும் நிரல் ஊகிக்கும் எண். விசிறியின் மெல்லிய இழுப்பில் பெருந்துகள் லேசர் வரை வந்து சேர்வதே அரிது. ஆடியில் மேல்காற்று சாத்தான்குளம் பக்கத்துத் தேரியை, அந்தச் செம்மணல் மேட்டை, கிளப்பும் நாளில் கண்ணைத் திறக்க முடியாது, மேசையில் சிவப்புப் பொடி படிந்திருக்கும், பெட்டி மட்டும் ‘நன்று’ என்று பச்சை காட்டும். பெட்டி பழுதில்லை. அந்தத் துகளைப் பார்க்க அது செய்யப்படவில்லை. பிஎம் 10 எண்ணைக் கல்லூரிப் பதிவேட்டிலிருந்து முழுதாக நீக்கிவிடுங்கள் என்பது எங்கள் கருத்து. தேரித் தூசி வேண்டுமென்றால் வடிதாள் வைத்து எடை பாருங்கள்.

ஈரப்பதம்தான் நம் பக்கத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய கள்ளன். சோற்றுப்பு 75 சத ஈரப்பதத்தில் கரைந்து துளியாகும். 90 சதத்தில் அதன் விட்டம் இரு மடங்குக்கும் மேல், கன அளவு சுமார் பத்து மடங்கு. அம்மோனியம் சல்பேட்டுக்கு அந்த வாசல் 80 சதம். உப்பளமும் கடலும் இருக்கும் திருச்செந்தூர், உவரிப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் பெட்டி காட்டும் எண்ணில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். காலை ஏழு மணிக்கு உச்சம், பத்து மணிக்குச் சரிவு என்று தினமும் வரும் அந்த அழகான வளைகோட்டை ‘போக்குவரத்து நெரிசல்’ என்று எழுதியிருந்தால், பக்கத்திலேயே ஈரப்பதக் கோட்டையும் வரைந்து பாருங்கள். இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போலிருந்தால் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதே மரியாதை.

ஆர்க்டிக்கிலும் உலக வளிமண்டலக் கண்காணிப்பு நிலையங்கள் அனைத்திலும் விதி ஒன்று: மாதிரிக் காற்றின் ஈரப்பதம் கருவிக்குள் 40 சதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அவர்களுக்கு அது எளிது. வெளியே கழித்தல் 20 டிகிரியில் இருக்கும் காற்று 20 டிகிரி அறைக்குள் வந்ததும் தானாகவே உலர்ந்து ஐந்து சதத்தைத் தாண்டாது. நமக்கு நேர்மாறு. வெளியே 32 டிகிரி, 70 சத ஈரம் என்றால் பனிநிலை, அதாவது ஈரம் நீராகக் கோக்கத் தொடங்கும் வெப்பநிலை, கிட்டத்தட்ட 26 டிகிரி. ஏசி அறையை 22இல் வைத்தால் குழாய்க்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும். புகைக்கரியை வடிதாள் நாடாவில் பிடித்து ஒளியால் அளக்கும் புகைக்கரிமானியின் நாடாவில் ஈரத்திட்டு விழும், கரி எண் கழித்தலுக்கும் கூட்டலுக்கும் ஊசலாடும். விலை உயர்ந்த கருவி என்று ஏசியை இன்னும் குறைப்பார்கள், கோளாறு இன்னும் கூடும். குளிர்நாட்டுக் கையேட்டை அப்படியே பின்பற்றுவதன் விளைவு இது. செய்ய வேண்டியது: அறையை 27 அல்லது 28 டிகிரியில் வையுங்கள். அறைக்குள் வரும் குழாய்க்கு நுரைக்காப்பு சுற்றுங்கள். ஏசியின் காற்றுவாய் குழாயின்மேல் நேராகப் படக்கூடாது. கருவிக்கு முன்னால், சவ்வு வழியே நீராவியை வெளியேற்றும் நேஃபியான் உலர்த்தியோ, சிலிக்கா ஜெல் சுற்றிய பரவல் உலர்த்தியோ பொருத்துங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானதும் மாற்றிவிட வேண்டும், ஐப்பசியில் இதற்கே ஒரு ஆள் வேண்டும். ஈரமானியை அறைச் சுவரில் மாட்டுவதில் பயன் இல்லை, குழாய்க்குள் மாட்டுங்கள். சூடேற்றி உலர்த்தலாமே என்றால் அளவோடு செய்யலாம். கூடச் சுட்டால் அம்மோனியம் நைட்ரேட்டும் கரிமப் பொருள்களும் ஆவியாகி எடை குறையும். உலர்த்த வழியில்லாத மலிவுப் பெட்டிக்கு ஒரே மருந்து: ஈரம் 75 சதத்தைத் தாண்டிய மணிகளைக் குறியிட்டு ஒதுக்குவது.

உள்ளிழுக்கும் குழாய் உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் தங்கித் துகளை இழுத்துக்கொள்ளும். நேராக, செங்குத்தாக, முடிந்தவரை வளைவில்லாமல் இறங்க வேண்டும். ஆர்க்டிக்கில் குழாயின் வாயை உறைபனி அடைக்கும், அதற்காகச் சூடேற்றி வைப்பார்கள். நமக்கு அடைப்பது குளவி. மண்ணைக் குழைத்து இரண்டே நாளில் கூடு கட்டிவிடும். சிலந்தி, எறும்பு, பல்லியும் உண்டு. வலை போட்டால் வலையில் பஞ்சும் தூசியும் சேரும், ஆகவே வாரம் ஒருமுறை ஏணி. அடைப்பின் விளைவு எண் குறைவதோடு நிற்பதில்லை. நிமிடத்துக்கு 16.7 லிட்டர் இழுப்பில் காற்றைச் சுழற்றிப் பெரிய துகளை ஒதுக்கி 2.5 மைக்ரானில் வெட்டும் சுழற்பிரிப்பான், இழுப்பு 14 லிட்டருக்கு இறங்கினால் அதைவிடப் பெரிய துகளையும் உள்ளே விட்டுவிடும். அப்போது நீங்கள் எழுதும் பிஎம் 2.5, பிஎம் 2.5 அல்ல. இழுப்பைக் கருவியின் திரையில் பார்த்தால் போதாது, குழாயின் வாயில் தனி ஓட்டமானி வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். இரண்டும் ஐந்து சதத்துக்கு மேல் வேறுபட்டால் நடுவில் கசிவு இருக்கிறது.

புகைக்கரிமானி வைத்திருக்கும் துறைகளுக்கு மட்டும் கொஞ்சம். நாடாவில் கரி படியப்படிய ஒளிமறைப்பு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, அதனால் கரி உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். நாடாவில் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் கரி சேர்த்து ஒப்பிடும் இரட்டைப்புள்ளிக் கருவி இதைத் தானே திருத்தும், பழையது திருத்தாது. நாடா இழைகளுக்குள் ஒளி பலமுறை சிதறுவதற்கான திருத்த எண்ணையும் கருவிக்குச் சொல்ல வேண்டும். இரட்டைப்புள்ளிக் கருவியின் பழைய வகை நாடாவுக்கு 1.57, புதிய வகைக்கு 1.39. நாடாவை மாற்றிவிட்டு அமைப்பில் எண்ணை மாற்ற மறந்தால் பதின்மூன்று சதம் போயிற்று. வரைபடத்தில் ஒரே நாளில் படிக்கட்டுபோல ஏற்றமோ இறக்கமோ வந்தால், ஊரில் என்ன நடந்தது என்று தேடும் முன் நாடா மாற்றிய தேதியைப் பாருங்கள்.

அந்தக் கருவி ஏழு நிற அலைநீளங்களில் அளக்கும். 880 நானோமீட்டரில் கரி, 370இல் விறகுப்புகை கூடுதலாகத் தெரியும். அலைநீளம் குறையக்குறைய உறிஞ்சல் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று சொல்லும் எண்தான் உறிஞ்சலின் அலைநீளச் சார்பு அடுக்கு. அது 1ஐ ஒட்டினால் வண்டிப்புகை, 2ஐ நெருங்கினால் விறகு என்று பாடத்தில் இருக்கும். தேரி மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. அதுவும் நீலப் பக்க ஒளியையே அதிகம் விழுங்கும். ஆடிக்காற்று நாளில் அடுக்கு ஏறுவதைப் பார்த்து ‘சுற்றுவட்டாரத்தில் விறகு எரிப்பு அதிகம்’ என்று எழுதினால் செங்கல் சூளைக்காரர் மேல் வீண்பழி. பிஎம் 1 வெட்டியை மாட்டித் தூசியை வெளியே நிறுத்திவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள், அடுக்கு இறங்கினால் அது தேரி. ஆர்க்டிக்கில் ஆசியத் தூசிப்பட்டை வரும்போதும் இதே குழப்பம் உண்டு.

சூரிய ஒளிமானி பற்றிச் சுருக்கமாக. அவர்களுக்குத் தாழ்ந்த சூரியன், நீண்ட இரவு, அதனால் நிலவையும் விண்மீனையும் வைத்துக்கூட அளக்கிறார்கள். நமக்குச் சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல். நம் தலைவலி மெல்லிய கீற்று மேகம். கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்தடிப்பை, அதாவது காற்று வெயிலை மறைக்கும் அளவை, கூட்டிவிடும். ஒளித்தடிப்பு அலைநீளத்தோடு எப்படி மாறுகிறது என்று சொல்லும் அடுக்கு திடீரென்று பூச்சியத்தை நோக்கிச் சரிந்தால் அது தேரியா கீற்று மேகமா என்று வானத்தைப் படம் பிடித்து வைத்தவருக்கே தெரியும். கைபேசிப் படம் போதும், நேரத்தோடு.

காற்றின் திசை. அலாஸ்காவின் பாரோ நிலையத்தில் 1973 முதல் அளக்கிறார்கள். வழக்கமான காற்று கிழக்கு வடகிழக்கிலிருந்து, கடல்மேல் வரும். ஊர் தென்மேற்கே. ஊர்ப்பக்கக் காற்று வீசும் மணிகளைத் தனியே பிரித்துவிடுவார்கள். 2019 செப்டம்பர் முதல் 2020 அக்டோபர் வரை மோசைக் என்ற ஆர்க்டிக் ஆய்வுப் பயணத்தில் போலார்ஷ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பல் பனியோடு மிதந்தபோது, கப்பலின் சொந்தப் புகையே தரவின் கணிசமான பகுதியைக் கெடுத்தது. அதைக் குறியிட்டு ஒதுக்கியதையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். நம் கூரைகளில் என்ன இருக்கிறது? கேன்டீன் புகைபோக்கி, ஜெனரேட்டர், ஆய்வகப் புகைக்கூண்டு, பக்கத்தில் பேருந்து நிறுத்தம். கூரையின் படம் ஒன்றை வரைந்து, வடக்கைக் குறித்து, இவை ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில், எத்தனை மீட்டரில் என்று எழுதுங்கள். காற்றுத்திசைமானி இல்லாத பெட்டியை வாங்கவே வேண்டாம். அல்லது பெட்டியின் விலையில் பாதிக்குத் திசைமானி வாங்குங்கள். மேல்காற்றுக் காலத்தில் மேற்கே கேன்டீன் இருந்தால் ஆனி முதல் புரட்டாசி வரை நீங்கள் அளப்பது தோசைக்கல்லை.

காற்று எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்று அறிய, அது வந்த வழியைப் பின்னோக்கிக் கணக்கிடும் ஹைஸ்பிளிட் என்ற கணினி நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. எல்லா ஆய்வேடுகளிலும் அந்த வண்ணக்கோட்டைப் பார்க்கிறோம், பெரும்பாலும் ஒற்றைக்கோடு. ஒற்றைக்கோட்டை நம்பாதீர்கள். கடந்த தூரத்தில் 15 முதல் 30 சதம் வரை பிழை வழக்கம். 3000 கிலோமீட்டர் பின்னோக்கிப் போனால் முனை 450 முதல் 900 கிலோமீட்டர் விலகியிருக்கலாம், ஒரு மாநிலமே மாறிவிடும். 500, 1000, 1500 மீட்டர் என மூன்று உயரத்தில், ஆறு மணிக்கு ஒன்றாக, ஐந்து நாள் பின்னோக்கி, ஒரு பருவம் முழுதும் போட்டு, ஒரே மாதிரி வழிகளைச் சேர்த்துக் கொத்துகளாகப் பிரியுங்கள். கோட்டின் வழியில் பெய்த மழையையும் கூட்டி எழுதுங்கள், நிரலிலேயே அதற்கு வழி உண்டு. ஐந்து மில்லிமீட்டர் நனைந்து வந்த காற்றையும் வறண்டு வந்த காற்றையும் ஒரே கொத்தில் வைக்கக்கூடாது.

கடைசி நூறு கிலோமீட்டரை மட்டும் நிரலிடம் கேட்காதீர்கள். நிரல் எடுத்துக்கொள்ளும் வானிலைத் தரவின் ஒரு டிகிரிக் கட்டத்தில், அதாவது சுமார் 110 கிலோமீட்டர் சதுரத்தில், பொதிகை மலையே வழுக்கைத் தலைபோல மழுங்கிப்போகும். ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் அந்தக் கட்டத்தில் இல்லவே இல்லை. காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று நிரலுக்குத் தெரியாது. நி-ஓலெசுண்டிலும் இதே சிக்கல்: கிராமத்தின் ஓரத்திலுள்ள காங்ஸ்ஃபியோர்டு என்ற நீண்ட கடற்கழியின் நீளவாக்கில் மலைகளுக்கிடையே காற்று திருப்பப்படுகிறது, பெரிய கட்ட மாதிரி அதைப் பிடிப்பதில்லை. அவர்கள் தொலைவுக்கு நிரலையும் அருகுக்குத் தூணில் மாட்டிய திசைமானியையும் நம்புகிறார்கள்.

இப்போது கேட்பவை. முதலாவது, ஒப்பீடு. எல்லாக் கல்லூரிப் பெட்டிகளும் மாசி, பங்குனியில் மூன்று வாரமும், ஐப்பசி, கார்த்திகையில் மூன்று வாரமும் ஒரே மாடியில், ஒரே உயரத்தில், வடிதாளில் துகளைச் சேர்த்து எடை பார்க்க உதவும் எடைமுறை மாதிரியெடுப்பான் ஒன்றின் அருகே இருக்க வேண்டும். வறண்ட காலத்தில் கிடைத்த திருத்தச் சமன்பாடு ஈரக்காலத்துக்கு உதவாது என்பதால்தான் இரண்டு முறை. எடைமுறைக்கு 47 மில்லிமீட்டர் டெஃப்லான் வடிதாள். எடை பார்க்கும் முன்னும் பின்னும் 24 மணி நேரம் 20 முதல் 23 டிகிரியில், 30 முதல் 40 சத ஈரத்தில் கிடக்க வேண்டும். நாளுக்கு 24 கன மீட்டர் காற்று, 40 மைக்ரோகிராம் செறிவு என்றால் தாளில் சேர்வது ஒரு மில்லிகிராம்கூட இல்லை. வேதியியல் ஆய்வகத்தின் 0.1 மில்லிகிராம் தராசு பத்து சதப் பிழையோடுதான் தொடங்கும், ஒரு மைக்ரோகிராம் தராசு வேண்டும். அது எல்லாக் கல்லூரிக்கும் தேவையில்லை, மூன்று மாவட்டத்துக்கு ஒன்று போதும். பத்துத் தாளுக்கு ஒரு வெற்றுத்தாளைக் களத்துக்குக் கொண்டுபோய்க் காற்று இழுக்காமல் திரும்பக் கொண்டுவாருங்கள். அதன் எடை மாறியிருந்தால் மாறியது கையும் பெட்டியும்தான்.

இரண்டாவது, எதையும் அழிக்காத பதிவேடு. ஐரோப்பியத் தரவுக் கிடங்கான ஈபாஸில் பூச்சியம், ஒன்று, இரண்டு என மூன்று நிலை உண்டு: கருவி சொன்னது அப்படியே, பின் திருத்தியது, பின் மணிச் சராசரி. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் குறியீடு இருக்கும். நாமும் அப்படியே வைக்கலாம். ‘ஈரம்’, ‘கேன்டீன்’, ‘குளவி’, ‘மின்தடை’, ‘பட்டாசு’ என்று தமிழிலேயே குறியிடட்டும், மாணவர் மறக்க மாட்டார். தீபாவளி உச்சம் அசிங்கமாக இருக்கிறது என்று அழித்துவிடும் பழக்கமும், அதை மட்டும் எடுத்துச் செய்தித்தாளுக்குக் கொடுக்கும் பழக்கமும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. இந்தியத் தரம் பிஎம் 2.5க்கு நாள் சராசரி 60 மைக்ரோகிராம். திரையில் இந்த நொடி ஓடும் எண்ணை அதோடு ஒப்பிடுவது, ஒரு பந்தில் அடித்த சிக்ஸரை ஆட்டச் சராசரி என்று சொல்வது மாதிரி.

மூன்றாவது, கருவி வாங்கப் பணமில்லாத துறைகளுக்கு. செப்பெலின் உள்ளிட்ட பல ஆர்க்டிக் நிலையங்களின் தரவு ஈபாஸில் எவருக்கும் திறந்திருக்கிறது. முதுகலை மாணவர் ஒருவர் ஐந்து ஆண்டு புகைக்கரித் தரவை இறக்கி, மாதவாரி நடுமதிப்பை வரைந்து, வசந்த உச்சத்தையும் கோடைச் சரிவையும் தானே கண்டு, இரண்டு நாள் உச்சத்துக்குக் காற்று வந்த வழியை ஹைஸ்பிளிட்டில் பின்னோக்கிப் போட்டு மழையையும் சேர்த்துப் பார்த்தால், அது வாங்கிய பெட்டியில் ஒரு வாரம் அளந்த திட்டப்பணியைவிட நல்ல திட்டப்பணி. குறியிட்ட மணிகளை நீக்காமல் ஒருமுறையும் நீக்கி ஒருமுறையும் வரையச் சொல்லுங்கள். இரண்டு படத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதற்கே பாதி மதிப்பெண்.

மாசி ஒப்பீட்டுக்கான மாடியைக் கார்த்திகைக்குள் முடிவு செய்துவிட வேண்டும். மேற்கிலும் வடகிழக்கிலும் ஐம்பது மீட்டருக்குள் அடுப்போ ஜெனரேட்டரோ இல்லாத, இரவிலும் ஏற அனுமதி உள்ள, மின்சாரம் போனால் தானாக மாறும் இன்வெர்ட்டர் உள்ள மாடி வேண்டும். அப்படி ஒன்று உங்கள் கல்லூரியில் இருந்தால் கூரைப்படத்தோடு மற்றத் துறைத் தலைவர்களுக்குத் தெரிவியுங்கள். பெட்டிகளை எடுத்து வரும்போது ஓட்டமானியும், நீட்டிப்புக் கம்பியும், வழியில் பேருந்துப் புழுதி ஏறாமல் குழாயின் வாயை மூட ஒரு சுத்தமான உறையும் சேர்ந்து வரட்டும்.

இப்படிக்கு,
பொருநைக் கரையில் காற்றின் நுண்துகளை அளந்துவரும் சிலர்